வீட்டார் இல்லாத நாட்களில் வாயில்லாச் சீவன்கள்

ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேறு, கலியாணம், விட்டுவந்த காணியைப் பார்த்துவருதல் என்று நாலைந்து நாட்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டி வருகிறது. அந்நாட்களில் எம்மை நம்பி நிற்கும் பிராணிகளின் நிலை என்ன?

நாய் ஆளோடு ஒட்டிய பிராணி. வீட்டார் மறைந்ததும் சில நாய்கள் தின்னாமல் படுத்திருக்கும். சில ஊளையிடும், படலையைப் பிறாண்டும், தேடி அலையும். இது குணக்கேடு அன்று, பிரிவினால் வரும் கலக்கம். அடித்தால் கூடுமேயன்றிக் குறையாது. நாயை அதன் வளவிலேயே விடுங்கள். சாப்பாடு வைக்கப்போகும் அயலவர், நீங்கள் புறப்பட இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே வைத்துப் பழகட்டும். நீங்கள் உடுத்த பழைய சாரம் ஒன்றை அது படுக்குமிடத்தில் போட்டுவிடுங்கள்.

பூனை இடத்தோடு ஒட்டியது. வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடப் பார்க்கும். இருந்த இடத்திலேயே தீனும் தண்ணீரும் கிடைத்தால் போதும்.

பசு கையை அறியும். பழகாத கை மடியில் பட்டால் வெருண்டு பாலை அடக்கிக்கொள்ளும். பால் மடியில் தேங்கினால் மடி அழற்சி வர இடமுண்டு. ஆகவே கறக்கப்போகிறவர் சில நாட்கள் உங்களோடு கூடவிருந்து, அதே நேரத்தில், வழமைபோலக் கன்றை ஊட்டவிட்டுக் கறந்து பழகவேண்டும். கறவைப் பசு வெயில் நாளில் 40 லீற்றருக்கு மேலும் தண்ணீர் குடிக்கக்கூடும். ஒரு வாளி வைத்தால் போதுமென்று எண்ணவேண்டாம். ஆடு தனித்து நின்றால் கத்திக் களைக்கும். துணைக்கு இன்னொன்று நிற்கட்டும்.

சொல்லாமல் வரும் பயணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். 1996இல்தான் பலர் திரும்ப முடிந்தது. அத்தகைய வேளையில் செய்யக்கூடியது ஒன்றே: கயிற்றை அவிழ்த்து, கொட்டில் கதவைத் திறந்துவிடுங்கள். அவிழ்த்த மாடு மேய்ந்து பிழைக்கலாம். கட்டையில் நின்றது பிழைக்காது.

திரும்பி வந்ததும் ஆசையில் அள்ளிக் கொடுக்காதீர்கள். பட்டினி கிடந்த மாட்டுக்கு ஒரேயடியாக அரிசியோ புண்ணாக்கோ வைத்தால் வயிறு புளித்துச் சாகவும் கூடும். முதலில் தண்ணீரும் வைக்கோலும், பிறகு சிறிது சிறிதாகத் தீன். நாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள்.

அலைந்து திரிந்த நாயை விசர்நாய் கடித்திருக்கக்கூடும். வருடந்தோறும் தடுப்பூசி போடுவியுங்கள். நாய் யாரையும் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

பயணத்துக்குப் பெட்டி கட்டுமுன் அயல்வீட்டுக்காரருடன் பேசி ஒழுங்கு செய்யுங்கள். அவர் போகும்போது நீங்கள் அவருடைய மாட்டைப் பாருங்கள்.