மீன் தொட்டிக்குள் யாருக்கு யார் கூட்டு?

குட்டீஸ்... கலர் கலராக மீன் வளர்க்க ஆசையா? கடைக்குப் போனதும், 'சிவப்பில் ரெண்டு, மஞ்சளில் ரெண்டு, வால் நீளமா ஒண்ணு' என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

தேனி மாவட்டம், குச்சனூரில் சனீஸ்வரன் கோவில் அருகே சுரபி நதி ஓடுகிறது. அதுபோன்ற ஆற்றில் ஒரு பெரிய மீன் துரத்தினால், சின்ன மீன் என்ன செய்யும்? கல் இடுக்கில் புகுந்துகொள்ளும். இல்லாவிட்டால் நீந்தித் தப்பிவிடும். உங்கள் வீட்டுத் தொட்டியில் அது எங்கே போகும்? நாலு பக்கமும் கண்ணாடிதானே! அதனால், யாரோடு யாரை விடுவது என்று நீங்கள்தான் அதற்காக யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு!

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்த விடையை 1,000 ஆல் வகுத்தால், எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி என்றால் 54 லிட்டர். கூழாங்கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

சின்ன மீன்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மீனின் நீளத்தில் ஒவ்வொரு செ.மீ.,க்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர். அப்படியானால் 45 லிட்டருக்கு மொத்தம் 30 செ.மீ. நீள மீன்கள்தான். கவனம்... கடையில் பார்க்கும் குட்டியின் நீளம் அல்ல. முழுதாக வளர்ந்த பிறகு உள்ள நீளம்!

இவர்கள் சண்டைக்காரர்கள்!

பைட்டர்: தாய்லாந்தின் நெல் வயல்களிலும் குட்டைகளிலும் வாழும் மீன். 2019ல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு ஆண் பைட்டர்களை ஒரே தொட்டியில் விட்டால், துடுப்பு கிழியும் வரை சண்டைதான். நீள வால் உள்ள கப்பியைக்கூடப் போட்டி பைட்டர் என்று நினைத்துத் தாக்கும். தனியாக வளர்ப்பதே நல்லது. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதற்காக, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைக்கக்கூடாது. அதற்கும் 20 லிட்டர் தொட்டி வேண்டும்.

டைகர் பார்ப்: புலி போல வரி போட்ட குறும்புக்காரன். மெதுவாக நீந்தும் மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்துக் கந்தலாக்கிவிடும்.

ஏஞ்சல்: பெயர்தான் தேவதை. வளர்ந்த பிறகு, வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சின்ன மீன் கிடைத்தால் விழுங்கிவிடும். நியான் டெட்ராவை இதோடு விட்டால், ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

கோல்டு பிஷ்: இது சண்டைக்காரன் அல்ல, ஆனால் பெருந்தீனிக்காரன். 20 செ.மீ.,க்கும் மேல் வளரும். நிறையச் சாப்பிட்டு, நிறையக் கழிவும் போடும். குளிர்ந்த தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை விரும்பும் மீன்களோடு சேராது. கண்ணாடிக் கிண்ணம் இதற்கு வீடே அல்ல!

சக்கர்: 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லித் தருவார்கள். விரல் நீளத்தில் வரும் இது, ஓர் அடிக்கு மேல் வளரும். பிறகு தொட்டியே போதாது.

இவர்கள் நல்ல கூட்டாளிகள்!

முதல் அணி: 4 பிளாட்டி, 3 ஆண் கப்பி. பிளாட்டி 5 செ.மீ., ஆண் கப்பி 3 செ.மீ. வளரும். கூட்டிப் பாருங்கள்... 29 செ.மீ.! இரண்டும் சாது. உப்புச் சத்துள்ள கடின நீரையும் தாங்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு ஏற்ற ஜோடி. இவை முட்டையிடாமல் குட்டி போடுபவை. கப்பி சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். எனவே இரண்டிலும் ஆண் மீன்களை மட்டுமே வாங்குங்கள். இல்லாவிட்டால், கொஞ்ச நாளில் தொட்டி நிரம்பி வழியும்!

இரண்டாவது அணி: 6 ஜீப்ரா மீன்கள். உடம்பில் நீல வரிகளோடு ஓடிக்கொண்டே இருக்கும் நம் நாட்டு மீன் இது. கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளைச் சேர்ந்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகள் இதை வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். கூட்டமாக வாழும் மீன் என்பதால், ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பயந்துபோகும். துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம்.

அவசரம் வேண்டாம்!

புதுத் தொட்டியில் அன்றே எல்லா மீனையும் விட்டால், பல செத்துப்போகும். ஏன் தெரியுமா? மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷப் பொருள் உண்டாகிறது. அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுவது, கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள். அவை பில்டரிலும் கூழாங்கல்லிலும் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் முதலில் இரண்டு மூன்று பிளாட்டியை மட்டும் விடுங்கள். மற்றவை மெல்ல மெல்ல வரட்டும்.

* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பிறகு ஊற்றுங்கள்.

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவினால், நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

* இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுங்கள்.

ஆற்றில் விடலாமா?

'வளர்க்க முடியலை, பாவம், ஆத்துல விட்டுடலாம்' என்று சிலர் நினைப்பார்கள். இது புண்ணியம் அல்ல, குட்டீஸ்!

1895ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்தப் பெரியாறு ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் உண்டு. மனிதர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, ஜிலேபி, சாதா கெண்டை ஆகியவை அங்கே பெருகி, அந்த மீன்களின் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியாகிவிட்டன.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீனும் இப்படித்தான். தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்டு, தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பரவிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். வலையில் சிக்கினால், முள் போன்ற துடுப்பால் வலையையே கிழிக்கும். மீனவர்களுக்குத்தான் நஷ்டம்.

எனவே வளர்க்க முடியாவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால், தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். ஆறு, குளம், கிணறு, வாய்க்கால்... எதிலும் விட வேண்டாம்.

சென்னையில் உள்ள கொளத்தூர், வண்ண மீன்களுக்குப் பேர் போன இடம். அங்கே போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, மீனைக் காட்டி இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

'அண்ணே, இது எவ்வளவு பெருசா வளரும்? யாரோட சண்டை போடாம இருக்கும்? எந்த மாதிரி தண்ணி வேணும்?'

மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்த பிறகு, பையில் பிடிக்கச் சொல்லுங்கள்!