அரசி வேண்டாம், கோட்டை போதும்

சதுரங்கப் பலகையில் சிப்பாயே மிகச் சிறிய காய். ஆயினும், எதிரியின் கடைசி வரிசையை எட்டிவிட்டால், அது அரசியாகவோ கோட்டையாகவோ அமைச்சராகவோ குதிரையாகவோ உயர்வு பெறும். ஆடுவோர் பெரும்பாலும் அரசியையே கேட்பர். அதனினும் வலிய காய் வேறில்லை அன்றோ? ஆனால், அரசியைக் கேட்டால் வெற்றி நழுவும், கோட்டையைக் கேட்டால் வெற்றி கிட்டும் என்றொரு நிலை உண்டு. அதனைக் கண்டறிந்தவர் ஒரு குருவானவர்.

1875-இல் ஃபென்டன், பாட்டர் என்னும் இருவர் ஆடிய ஆட்டம் சமனில் முடிந்தது. 1895-இல் பாட்டர் காலமானபின், கிளாஸ்கோ நகர வார இதழொன்றில் சதுரங்கப் பகுதியை நடத்திவந்த பார்பியே என்பவர், அவ்வாட்டத்தை ஒட்டிய நிலையொன்றை வெளியிட்டு, கறுப்பு சமன் செய்துவிடலாம் எனக் காட்டினார். திருப்பாடுகளின் சபையைச் சேர்ந்த ஸ்பானியர், அருட்தந்தை ஃபெர்னாந்தோ சாவெத்ரா (1849–1922), அப்போது அந்நகரில் வாழ்ந்துவந்தார். பெயர்பெற்ற ஆட்டக்காரர் அல்லர். எனினும், வெள்ளைக்கே வெற்றி என்று அவர் எடுத்துக்காட்டினார்.

வீட்டில் பலகை இருப்பின், இன்று நூல்களில் காணப்படும் வடிவில் காய்களை வைத்துப் பார்ப்போம். வெள்ளையின் பக்கம் அமர்ந்து, பத்திகளை இடமிருந்தும் வரிசைகளைக் கீழிருந்தும் எண்ணுக. வெள்ளை அரசன் 2-ஆம் பத்தி, 6-ஆம் வரிசை. வெள்ளைச் சிப்பாய் 3-ஆம் பத்தி, 6-ஆம் வரிசை. கறுப்பு அரசன் இடப்புறக் கீழ்மூலை. கறுப்புக் கோட்டை 4-ஆம் பத்தி, 5-ஆம் வரிசை.

சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறுகின்றது. கறுப்புக் கோட்டை தன் பத்தியிலேயே நின்று நான்கு முறை 'செக்' வைக்கின்றது. வெள்ளை அரசன் 2-ஆம் பத்தியில் படிப்படியாய் இறங்கி, நான்காம் முறை 3-ஆம் பத்தி, 2-ஆம் வரிசைக்கு வந்து கோட்டையையே தாக்குகின்றான். கோட்டை 4-ஆம் வரிசைக்கு விலகுகின்றது. இங்கேதான் கண்ணி இருக்கின்றது.

சிப்பாய் அரசியாயின், கறுப்புக் கோட்டை 3-ஆம் பத்திக்கு நகர்ந்து மீண்டும் 'செக்' வைக்கும். வெட்டாவிடில் அரசியை இழப்போம். வெட்டினாலோ, கறுப்பு அரசனுக்குச் 'செக்' இல்லை, நகரவும் இடமில்லை. விதிப்படி ஆட்டம் சமன்.

சாவெத்ரா கேட்டதோ கோட்டை! கோட்டை குறுக்காகத் தாக்காது; ஆதலின், அதே வலையில் விழுந்தாலும் கறுப்பு அரசனுக்கு ஒரு கட்டம் எஞ்சும்; சமன் என்ற பேச்சிற்கு இடமில்லை. மேலும், புதிய கோட்டை முதற்பத்திக்கு வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். அதைத் தடுக்கக் கறுப்புக் கோட்டை முதற்பத்தி, 4-ஆம் வரிசைக்கு ஓடவேண்டும். உடனே வெள்ளை அரசன் 2-ஆம் பத்தி, 3-ஆம் வரிசையில் கால்வைக்கின்றான். அந்த ஒரே நகர்த்தலில் கறுப்புக் கோட்டைக்கும் ஆபத்து; முதல் வரிசையில் அரசனுக்கும் முடிவு. இரண்டையும் ஒருங்கே காக்க வழியில்லை.

அரசியின் மிகுதியான வலிமையே அங்கே தடையாயிற்று என்பதைக் கவனிக்க. எதிரி எதை விரும்பிக் காத்திருக்கின்றான் என வினவியறிந்து அதை மறுப்பதே இத்தகைய வெற்றியின் இரகசியம். நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கும்போது, கை தானாகப் பற்றும் காயை வைக்குமுன், விதி அனுமதிக்கும் மற்றவற்றையும் ஒருமுறை எண்ணிப்பார்க்கப் பழக்குவோம். அவ்வாறு எண்ணிப் பார்த்த ஒரே நகர்த்தலுக்காக, அந்நிலை இன்றும் உலகெங்கும் சாவெத்ராவின் பெயராலேயே வழங்கி வருகின்றது.