பெனினிலிருந்து ஏத்தாப்பூர் வந்த குளவி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வைத்திருக்கும் எவருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றும்: "உலகம் பூரா ஆராய்ச்சி நிலையம் இருக்குதுங்கறீங்க. நம்ம காட்டுல மாவுப்பூச்சி விழுந்தா, அதுக்கு வழி தெரிய ஏனுங்க இத்தனை காலமாகுது?" நியாயமான கேள்வி. பெரும்பாலும் வழி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆனால் தெரிந்தவர் ஒரு கண்டத்தில் இருக்கிறார், தேவைப்படுபவர் வேறொரு கண்டத்தில் இருக்கிறார்.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. அதை இன்னதென்று அடையாளம் கண்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முனியப்பன். பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றிலும் அது ஏறியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. பத்து ஆண்டு கழித்து, 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் இன்னொரு பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அது மரவள்ளிக்கென்றே உள்ள மாவுப்பூச்சி. கொஞ்ச காலத்தில் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். மாவைத் துடைத்துப் பார்த்தால் பழையது மஞ்சளாகவும் புதியது இளஞ்சிவப்பாகவும் இருக்கும். புதியது தாக்கிய செடியில் கணுக்கள் நெருங்கி, கொழுந்து கொத்துக் கொத்தாகச் சுருண்டுவிடும். பப்பாளிப் பூச்சியை அடக்கிய குளவி இதைத் தொடுவதில்லை. ஆகவே எது வந்திருக்கிறது என்பதைச் சரியாகக் கேட்காமல் சரியான பதில் கிடைக்காது.

இதே பாடத்தை ஆப்பிரிக்கா நமக்கு நாற்பது ஆண்டு முன்பே படித்தது. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் இந்த மரவள்ளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. அங்கே மரவள்ளிதான் சோறு. பூச்சி நாடு நாடாகப் பரவியபோது பசியும் கூடவே போனது. நைஜீரியாவின் இபாடானில் 1967-ல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அங்கே வேலையை நடத்தியவர் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர். மரவள்ளி தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள். அந்தக் கண்டத்தின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதை அழிக்கும் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. கடைசியில் அது வேறு இனம் என்று தெரிந்தது.

உண்மையான பூச்சியை 1981-ல் பராகுவேயில் கண்டவர் அந்தோணி பெல்லோட்டி. அவர் இபாடான் நிறுவனத்துக்காரர் அல்ல, கொலம்பியாவின் காலி நகரில் இருந்த வேறொரு நிறுவனத்தின் விஞ்ஞானி. இரண்டு நிறுவனங்களும் சிஜிஐஏஆர் என்ற ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. இரண்டுமே மரவள்ளியை ஆராய்ந்தவை, ஆனால் நடுவில் ஒரு பெருங்கடல். காலியில் இருந்தவர் "இது ஆப்பிரிக்காவின் பிரச்சினை" என்று ஒதுங்கியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். பராகுவேயில் பிடித்த குளவிகளை இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்து, இபாடானுக்கு அனுப்பினார்கள். 1981 முடிவதற்குள் நைஜீரிய வயல்களில் விட்டார்கள். அனகைரஸ் லோபெஸி என்பது அதன் பெயர், எள்ளைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, கூடாகக் காய்ந்த அதன் தோலைத் துளைத்து வெளியே வரும். அடுத்த ஆண்டுகளில் அது ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பெரும்பாலானவற்றில் நிலைகொண்டது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பரிசு அல்ல, தோல்வி. வடபகுதிக் குளவிகள் பலிக்கவில்லை என்ற செய்தியை யாரும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டவில்லை. பெரிய நிறுவனங்களில் வெற்றி தானாக ஊர் சுற்றும். அச்சிடுவார்கள், படம் போடுவார்கள். பலிக்காதது மட்டும் செய்தவரோடேயே ஓய்வுபெற்றுப் போய்விடும். அடுத்தவர் அதே பணத்தையும் அதே மூன்று நான்கு ஆண்டுகளையும் மறுபடி செலவழிப்பார். பலிக்காததை எழுதிவைப்பது ஒவ்வொரு ஆய்வுக்குழுவின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

எழுத்து மட்டும் போதாது என்பதும் உண்மை. குளவியை வளர்ப்பது ஒரு கைப்பக்குவம். எந்த வயதுப் பூச்சியைக் கொடுத்தால் பெண்குளவிகள் கூடுதலாக வரும், கூண்டில் சூடு எவ்வளவு இருக்க வேண்டும், எறும்பை எப்படித் தள்ளிவைப்பது என்பதெல்லாம் செய்தவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் பிடிபடும். அதனால் பன்னாட்டு நிறுவனம் என்றால் நூலகம் மட்டும் இருந்தால் ஆகாது, "இதைக் கேட்க இன்னாரிடம் போ" என்று சொல்லும்படி ஆள் இருக்க வேண்டும். திட்டப் பணம் தீர்ந்ததும் அந்த ஆளை அனுப்பிவிட்டால், எத்தனை கோப்பு இருந்தும் கேள்வி அநாதையாகிவிடும்.

தாய்லாந்துக்கு இந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2008-ல் வந்தது. 2009-லேயே அவர்கள் பெனின் நாட்டில் உள்ள இபாடான் நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து குளவிகளைக் கொண்டுபோனார்கள். நமக்குப் பூச்சி 2020-ல் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-ல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இடையில் போன காலத்தில் ஒரு பகுதி அவசியமானது. வெளிநாட்டுப் பூச்சியைச் சோதிக்காமல் திறந்துவிட்டால் அது புதிய வினையாகலாம், பெருந்தொற்றுக் காலம் வேறு. ஆனால் தாய்லாந்து வரை வந்த பூச்சி ஒருநாள் இங்கேயும் வரும் என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி. அனுமதிக் கடிதமும், வளர்ப்புமுறைப் பயிற்சியும், தமிழில் படத்தோடு ஒரு துண்டறிக்கையும் பூச்சிக்கு முன்னால் தயாராகியிருக்கலாம். விதைக்குச்சி ஊர்விட்டு ஊர் போகிற வேகத்தில் பூச்சியைப் பற்றிய தகவல் போவதில்லை. இந்தப் பூச்சி பரவுவதும் பெரும்பாலும் அந்தக் குச்சியோடுதான்.

இனி நம் பக்கத்து முனை. பனமரத்துப்பட்டிக்காரருக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் கைக்கெட்டும் தூரம்தான். கொழுந்தை ஒரு பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் அவசரத்துக்கு அவர் போகிற இடம் மருந்துக்கடை. கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அடித்தால், பூச்சியின் மேல் மாவுப்பூச்சு இருப்பதால் அதில் ஒரு பங்கு பிழைத்துக்கொள்ளும், குளவி செத்துவிடும். பெனினிலிருந்து பெங்களூர் வழியாக வந்த அத்தனை பேருடைய உழைப்பும் அந்த ஒரு டேங்க் மருந்தில் போகும். ஆகவே குளவி விட்ட ஊர்களில் முதலில் உட்காரவைத்துப் பேச வேண்டியது மருந்துக்கடைக்காரர்களிடம். சேகோ ஆலைக்குக் கிழங்கு எடுக்கும் வியாபாரிகளிடமும் சொல்லிவைக்கலாம், அவர்கள் தினமும் பல காடுகளைப் பார்க்கிறவர்கள்.

திரும்புகிற செய்தியும் வேண்டும். குளவி விட்ட காட்டில் இரண்டு மாதம் கழித்துக் காய்ந்த பூச்சிக்கூடுகள் கண்ணுக்குப் படுகின்றனவா, எந்தக் காட்டில் படவில்லை, அங்கே மழை பெய்ததா, மருந்து அடித்தார்களா என்பதைக் குறித்துச் சந்தியூர் ஏத்தாப்பூருக்கும், ஏத்தாப்பூர் பெங்களூருக்கும், பெங்களூர் பெனினுக்கும் சொல்ல வேண்டும். கூடு படாத காட்டுக்காரரிடம் ஒருவர் நேரில் போய், ஏன் படவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.