உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைச் சொல் தீர்ப்பு

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளை ‘ஆஃப்ஸ்டெட்’ அமைப்பு நேரில் ஆய்வு செய்து, அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிடுகிறது. 2024 வரை, பிரிவுகளுக்குத் தந்த தரங்களோடு, பள்ளிக்கு மொத்தமாகவும் ஒரே சொல்லில் ஒரு தரம் உண்டு: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. நல்ல தரம் கிடைத்தால் வாசல் கம்பிவேலியில் பேனர் தொங்கும்.

ரெடிங் நகரப் பள்ளி ஒன்றில் கற்பித்தல், மாணவர் நடத்தை எல்லாமே ‘நன்று’. குழந்தைப் பாதுகாப்பு நடைமுறைகளில் கண்ட குறைகளால் நிர்வாகம் மட்டும் ‘போதாது’. உடனே முழுப் பள்ளியும் ‘போதாது’ ஆனது. அறிக்கை வெளிவரும் முன்பே, 2023 ஜனவரியில் தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். அதில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு என்றது மரண விசாரணை. அதே பள்ளி சில மாதங்களில் மறு ஆய்வில் ‘நன்று’ பெற்றது! இத்தனை பெரிய பாரத்தை ஒரு சொல்லின் தலையில் ஏற்றியிருக்கவே கூடாது.

2024 செப்டம்பரில் ஒற்றைத் தரம் கைவிடப்பட்டது. 2025 நவம்பர் முதல் கற்பித்தல், வருகை, நிர்வாகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தரம், ஐந்து படிகளில்.