நரம்புத் தளர்ச்சி: ஒரு சொல்லும் ஒரு மாத்திரையும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் ஏறினால், மாகறலில் இறங்குவதற்குள் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை ஒரு சுவரிலாவது வாசித்துவிடலாம். 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று விளித்து, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று அறிவிக்கும் விளம்பரங்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு ஆண்மைக் குறைவு என்று பொருள். ஆனால் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், தறியில் உட்கார மனமில்லாமல் கிடப்பவரையும் எங்கள் தெருவில் 'அவருக்கு நரம்புத் தளர்ச்சி' என்றுதான் சொல்கிறார்கள். மனச்சோர்வும் படுக்கையறைத் தோல்வியும் ஒரே குறிப்பானுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இந்த அடைப்பு உடல்களின் மேல் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

கூலிக்குப் பட்டு நெய்யும் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஏழு வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "மனசு தேவல தம்பி. தறியில ஒக்கார முடியுது. ஆனா வீட்ல... ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நோவு உள்ள எறங்கிடுச்சின்னு நெனச்சேன்." கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். மருந்தின் விளைவை அவர் நோயின் வளர்ச்சியாக வாசிக்கிறார். இரண்டுமே 'தளர்ச்சி' என்றாகிவிட்ட மொழியில், ஒன்று தேறும்போது மற்றது கெடுவதற்கு இடமில்லை. அடுத்து அவர் போனது லாட்ஜுக்கு.

நடந்தது இதுதான். ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகை மாத்திரைகள் நரம்புச் செல்களுக்கு இடையில் செரட்டோனின் மறுபடி உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அதன் அளவைக் கூட்டுகின்றன. செரட்டோனின் ஓங்கும்போது விழைவைத் தூண்டும் டோபமைன் அடங்குகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம். ஆசை குறையும், விறைப்பு நிற்காது, பெண்களுக்கு ஈரம் சுரக்காது, உச்சம் தள்ளிப்போகும், வராமலேயும் போகும், சிலருக்கு உறுப்பு மரத்துப்போனதுபோல் இருக்கும். மனம் தேறச் சில வாரங்கள் பிடிக்கும். இவை அதற்கு முன்னாலேயே தலைகாட்டிவிடலாம். மனச்சோர்வே ஆசையைத் தின்னும் என்பதும் உண்மை. மாத்திரை தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்டு வைக்காவிட்டால், பின்னால் எதை எதன் கணக்கில் எழுதுவது? (இதே வகையைச் சேர்ந்த டபாக்ஸடின் விந்து முந்துதலுக்கு மருந்தாகவே விற்கப்படுகிறது. எது 'பக்க'விளைவு என்பதைச் சீட்டில் எழுதப்படும் நோயின் பெயர்தான் தீர்மானிக்கிறது போலும்.)

வழியில்லாத சிக்கலும் இல்லை இது. மருத்துவர் அளவைக் குறைக்கலாம். புப்ரோப்பியான், மிர்ட்டாஸபின் போன்று இத்தொல்லை குறைவான மருந்துக்கு மாற்றலாம். ஆண்களுக்குச் சில்டெனாஃபில் சேர்த்துத் தரலாம். செய்யக்கூடாதது, அண்ணன் செய்தது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு, மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம், சோர்வும் திரும்பலாம். சிலருக்கு மாத்திரையை விட்ட பிறகும் பாலியல் தொல்லை நீடிக்கக்கூடும் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது. மருந்து தரும்போதே இதைப் பேசியாக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் தேவை?

பேச்சு நடப்பதில்லை. ஸ்பெயினில் மொந்தெஹோ குழுவினர் இவ்வகை மருந்து உண்ட 344 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. தாங்களாகவே தொல்லையைச் சொன்னவர்கள் 14 சதவீதம். நேரடியாகக் கேட்டபோது 58 சதவீதம். மௌனத்துக்கு அளவு கிடைத்த அபூர்வமான இடம் இது. அதிகாரம் பாலியலை வாயடைக்கிறது என்ற எளிய கதையை மிஷல் ஃபூக்கோ 1976இல் மறுத்தார். யார், யாரிடம், எப்படிப் பேசலாம் என்று அது வகுத்துத் தருகிறது என்றார். நம்மூரில் அந்த வகுத்தல் கண்கூடு. சுவர் கத்துகிறது, மருத்துவமனை அறை வாய் திறப்பதில்லை. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா'வில் இவற்றுக்குப் பச்சையாகப் பதில் சொன்னார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள். பசப்புறுபருவரல், உறுப்புநலனழிதல் என்று உடல் வாடுவதற்கே தனித்தனி அதிகாரங்கள். ஆனால் அந்த வாட்டம் எல்லாம் ஆசை நிரம்பி, ஆள் இல்லாததால் வருவது. ஆள் பக்கத்தில் இருக்க ஆசை மட்டும் இல்லாமற்போகும் நிலைக்கு ஐந்திணையில் இடமில்லை. அண்ணியும் மரபுப்படிதான் யோசித்திருக்கிறார்: ஆசை இங்கே இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறது. இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணிக்கே அந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால்? ஆண்களுக்காவது ஒரு தப்பான சொல் இருக்கிறது, ஏமாறப் போவதற்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. 'அன்பர்களே' என்ற விளியில் பெண் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த மாத்திரைகளைப் பற்றியதல்ல. பொது மருத்துவப் பிரிவுக்கு வந்த 149 பெண்களைப் பற்றியது. 73 சதவீதத்தினருக்குப் பாலியல் தொல்லை இருந்திருக்கிறது. நோய், கணவனோடு உறவுச் சிக்கல், பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு என்று காரணங்களையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக மருத்துவ உதவி தேடிப் போனவர் ஒருவர்கூட இல்லை.