கணப்பும் கணக்கும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளித் தனியே வசித்துவரும் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், தமக்கு மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் மடித்துப் பிடித்தபடி வந்து உட்கார்ந்து, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் தொகையை மறுபடியும் உயர்த்திவிட்டார்கள் என்று வருந்தினார். வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமே என்றேன். அவர் திடுக்கிட்டு, "தம்பி, கொம்பனியை மாத்தினால் இடையில ரெண்டு மூண்டு நாள் கரண்ட் நிண்டு போகாதோ? இந்தக் குளிருக்க என்னெண்டு இருக்கிறது?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "இவ்வளவு காலமும் ஒரு நாள் கூட நிக்கேல்ல. நல்ல கொம்பனி எண்டுதான் விடாமல் வைச்சிருக்கிறன்" என்றும் சொன்னார்.

அந்த அச்சத்தையும் அந்த நன்றியையும் நான் இலேசாக எண்ணவில்லை. ஒரே மின்சார சபை, அல்லது ஒரே மின்வாரியம், கம்பத்திலிருந்து பில்வரை சகலத்தையும் தன் கையில் வைத்திருக்கும் தேசங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு, மின்சாரத்தைக் கடையில் அரிசி வாங்குவதுபோல விலை விசாரித்து வாங்கலாம் என்ற எண்ணம் எளிதில் உதிப்பதில்லை. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. யுத்தத்திற்குப் பின் 1948-லும் 1949-லும் தேசவுடைமையாக்கப்பட்ட மின்சாரமும் எரிவாயுவும், முறையே 1990-லும் 1986-லும் மறுபடி தனியார் வசம் சென்றன. அதன் பிறகும், வீடுகளில் வசிக்கும் சாதாரணப் பிரஜை தன் கம்பெனியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை உடனே வந்துவிடவில்லை. எரிவாயுவில் 1996-ல் தென்மேற்கு இங்கிலாந்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1998-ல் நாடெங்கும் பரவிய அவ்வுரிமை, மின்சாரத்தில் 1999-ல்தான் பூர்த்தியாயிற்று. ஆகவே இது ஒரு தலைமுறைக்குச் சற்று மேற்பட்ட உரிமையே.

அந்த அம்மையாருக்கு நான் முதலில் விளக்கியது இதைத்தான். தெருவுக்கு அடியில் கிடக்கும் வயரும் குழாயும் அவருடைய கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. அந்தந்த வட்டாரத்துக்கென நியமிக்கப்பட்ட விநியோக ஸ்தாபனங்கள் அவற்றைப் பராமரிக்கின்றன. நாம் எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் அந்த ஸ்தாபனங்கள் மாறுவதில்லை. நாம் தேர்ந்துகொள்ளும் கம்பெனியோ, மொத்தச் சந்தையில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் வாங்கி, நம் மீட்டர் காட்டும் அளவுக்கு நம்மிடம் விலை வசூலிக்கும் வியாபாரி மட்டுமே. மாறும் நாளில் ஒருவரும் வந்து தெருவைத் தோண்டுவதில்லை, குழாயைக் கழற்றுவதில்லை, விளக்கு ஒரு கணமும் அணைவதில்லை. கரண்ட் நின்றால் அழைக்கவேண்டிய எண் எல்லோருக்கும் 105 தான். எரிவாயு வாடை வந்தால் 0800 111 999 தான். இத்தனை வருஷமும் அவர் வீட்டு விளக்கு அணையாமல் எரிந்ததற்கு அவருடைய நன்றி சேரவேண்டிய இடம் வேறு. அந்த நன்றிக்காக அவர் அதிக விலை கொடுத்துவந்த இடம் வேறு.

அதிக விலை என்று நான் சொல்வது யூகமல்ல. இந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2016-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, ஆறு பெரிய கம்பெனிகளின் வீட்டு வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர், தாமாக எதையும் தேர்ந்துகொள்ளாதவர்கள் மீது விழும் அந்தச் சாதாரண மாறுவிகிதக் கட்டணத்திலேயே தங்கியிருக்கிறார்கள் என்றும், சந்தையில் போட்டி செவ்வனே நடந்திருந்தால் கொடுத்திருக்கவேண்டியதைவிட மக்கள் வருஷத்துக்கு 140 கோடி பவுண்டு அதிகமாகக் கொடுத்துவந்தார்கள் என்றும் கண்டது. வாய் திறவாமல் இருப்பவரிடம் அதிகமாக வசூலித்து, கேட்டு வாங்குபவருக்குக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் அது. அதன் சுமை பெரும்பாலும் முதியோர்மீதும், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள்மீதும், கடிதத்தைப் பிரிக்கவே அஞ்சுகிறவர்கள்மீதும் விழுகிறது என்பதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த அநீதியைக் கட்டுப்படுத்தவே 2018-ல் ஒரு சட்டம் இயற்றி, 2019 ஜனவரி முதல் விலை வரம்பு ஒன்றை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆஃப்ஜெம் என்னும் கண்காணிப்பு ஸ்தாபனம் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை நிர்ணயிக்கிறது. இதைப் பற்றி நம்மவரிடையே உலவும் தப்பபிப்பிராயம் ஒன்று உண்டு. பத்திரிகைகளில் வரும் தொகையைப் பார்த்து, எவ்வளவு எரித்தாலும் பில் அதற்குமேல் போகாது என்று எண்ணிக் கணப்பை இரவு பகலாக எரித்தவர்களை நான் அறிவேன். அந்த வரம்பு ஒரு யூனிட்டின் விலைக்கும், தினசரி நிலைக் கட்டணத்துக்கும் மட்டுமே. மொத்த பில்லுக்கு எந்த வரம்பும் கிடையாது. பத்திரிகைத் தொகை என்பது, நடுத்தரமான குடும்பம் ஒன்று இவ்வளவு செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 2023 அக்டோபரில் வகுத்த அளவின்படி மின்சாரம் 2,700 யூனிட், எரிவாயு 11,500 யூனிட். அதைவிட அதிகம் எரித்தால் அதிகம் கட்டவேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு விலையை நிலைநிறுத்தித் தரும் ஒப்பந்தங்களை, அதாவது நம்மவர் 'ஃபிக்ஸ்' பண்ணுவது என்று சொல்வதை, இந்த வரம்பு கட்டுப்படுத்துவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அவை வரம்புக்குக் கீழும் இருக்கலாம், மேலும் இருக்கலாம்.

ஆகவே எந்தக் கம்பெனி மலிவு என்று என்னைக் கேட்பவர்களிடம், உங்கள் வீட்டில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பத்தில் ஒருவர்கூடப் பதில் சொல்வதில்லை. மாதம் எத்தனை பவுண்டு போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொகை கம்பெனி தன் மதிப்பீட்டின்படி வருஷத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிடிப்பதாகையால், அதைக்கொண்டு ஒன்றையும் நிச்சயிக்க முடியாது. பில்லில் வருஷாந்தரச் செலவு என்ற தலைப்பில் கிலோவாட் மணிக் கணக்கில், அதாவது யூனிட் கணக்கில், ஓர் எண் இருக்கும். அதுவும் மீட்டரைப் பாராமல் ஊகித்துப் போட்டதாக இருந்தால் நம்பத்தக்கதல்ல. மீட்டரைத் தாமே படித்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

அந்த எண் ஏன் அத்தனை முக்கியம் என்பதை உதாரணத்தால் காட்டுகிறேன். விலைகள் விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்டவை. ஒரு கம்பெனி நாளொன்றுக்கு 50 பென்ஸ் நிலைக் கட்டணமும் யூனிட்டுக்கு 26 பென்ஸும் கேட்கிறது. மற்றொன்று 65 பென்ஸ் நிலைக் கட்டணம் வைத்து யூனிட்டை 24 பென்ஸுக்குத் தருகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 24 பென்ஸ்தான். வருஷத்துக்கு 2,700 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, 885 பவுண்டு. பிள்ளைகளும் பெற்றோருமாக நிறைந்து 4,500 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இரண்டாவது கம்பெனியில் 35 பவுண்டு மிச்சம். 1,200 யூனிட் மட்டும் செலவழிக்கும் தனித்த மூதாட்டிக்கோ, மலிவாகத் தோன்றும் அந்த இரண்டாவது கம்பெனியில் வருஷத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் நஷ்டம். மருமகனுக்கு லாபமாக இருந்ததே என்று மாமியாரும் அதே கம்பெனிக்கு மாறுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

மாறுகிற விதம் கடினமல்ல. புதிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தால் போதும். பழைய கம்பெனிக்கு அவர்களே தெரிவித்து, பொதுவாக ஐந்து வேலைநாட்களுக்குள் மாற்றி முடிப்பார்கள். மனம் மாறினால் விலகிக்கொள்ள 14 நாள் அவகாசம் உண்டு. காலவரையறையுள்ள ஒப்பந்தத்திலிருந்து நடுவில் விலகினால் அபராதம் விதிக்கலாம் என்றாலும், கடைசி 49 நாட்களுக்குள் மாறுபவரிடம் அதை வாங்கக்கூடாது. பழைய கம்பெனி ஆறு வாரத்துக்குள் இறுதி பில்லை அனுப்பி, வரவு நின்றால் அதன்பின் பத்து வேலைநாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். இக்கெடுக்களைத் தவறவிட்டால் நஷ்டஈடு உண்டு. 2025 ஜனவரி முதல் அது 40 பவுண்டு. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சற்றுச் சிக்கல் உண்டு: பில் பாக்கி 28 நாளைக் கடந்திருந்தால் பழைய கம்பெனி மாற்றத்தைத் தடுக்கலாம், டாப்-அப் செய்யும் மீட்டர் உள்ளவர்களோ மின்சாரம், எரிவாயு ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டுவரை பாக்கியைச் சுமந்துகொண்டே மாறலாம்.

வரவைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் உண்டு. அந்த அம்மையாரின் பில்லைப் பிரித்துப் பார்த்தபோது, கோடை முழுவதும் அதிகமாகப் பிடித்த பணம் இருநூறு பவுண்டுக்கு மேல் வரவாக நின்றது. அவரோ அதைக் கடன் என்று எண்ணிப் பயந்துகொண்டிருந்தார். குளிர்காலத்துக்கென ஓரளவு சேர்ந்திருப்பது இயல்பே. ஆயினும் அது கம்பெனியின் பணமல்ல, அவருடைய பணம். நியாயமான காரணமின்றி அதைத் திருப்பித்தர மறுக்கும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது.

கம்பெனி மூழ்கிப்போனால் என்ன செய்வது என்ற சந்தேகம் நியாயமானதே. எரிவாயு விலை வெறிகொண்டு ஏறிய 2021, 2022-ஆம் ஆண்டுகளில் முப்பதுக்குச் சற்றேறக்குறைய கம்பெனிகள் இந்நாட்டில் வீழ்ந்தன; பதினைந்து லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் கொண்டிருந்த பல்ப் என்னும் கம்பெனியை 2021 நவம்பரில் அரசாங்கமே தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. ஆனால் அதனால் ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆஃப்ஜெம் வேறொரு கம்பெனியை நியமித்து வாடிக்கையாளர்களை ஒப்படைத்தது. அவர்களுடைய வரவுப் பணமும் காப்பாற்றப்பட்டது. அந்தச் செலவு பின்னர் எல்லோருடைய நிலைக் கட்டணத்திலும் ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நம்மவரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர். அவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார் என்பதே. பில் உங்கள் பேரில் வந்து நீங்களே கட்டுவதாக இருந்தால் கம்பெனியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உங்களுடையதே. வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பது மரியாதை, சில ஒப்பந்தங்களில் கடமையும்கூட. ஆனால் நியாயமான காரணமின்றி அவர் தடுக்க இயலாது. பில் வீட்டுக்காரர் பேரில் இருந்து, அவர் உங்களிடம் தனியே வசூலிக்கிறாரானால் தேர்வு அவருடையது. அப்போதும் ஒரு யூனிட்டுக்குத் தாம் கொடுத்த விலைக்கு மேல் ஒரு பென்ஸும் வாங்க அவருக்கு உரிமை இல்லை. அறை வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் பில்லைக் காட்டும்படி கேட்கக் கூச்சப்படவேண்டாம். புது வீட்டுக்குக் குடிபோகும் நாளில், பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே மீட்டரைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்தவரின் செலவு உங்கள் தலையில் விழாமல் இருக்க அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளர் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பொய்யான கணக்குக் காட்டி மக்களை மாறச்செய்த குற்றத்துக்காக, எஸ்எஸ்ஈ என்னும் பெரிய கம்பெனிக்கே 2013-ல் ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வந்தவர் எவராயினும் பில்லையோ, அதில் அச்சிட்டிருக்கும் மீட்டர் எண்ணையோ காட்டாதீர்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கதவை அடைப்பது அவமரியாதை ஆகாது. நல்ல கம்பெனியாக இருந்தால் நாளைக்கும் அதே விலையைத் தரும். விலையை மட்டும் பார்த்தாலும் போதாது: வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் 150 பவுண்டுத் தள்ளுபடியைத் தரும் கடமை மிகச் சிறிய கம்பெனிகளுக்கு இல்லையாதலால், மாறுமுன் அதை விசாரிப்பதும் அவசியம். நோயாளிகளும் முதியோரும் பிரத்தியேக உதவிக்கென ஒரு பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தால், புதிய கம்பெனியில் அதை மறுபடி பதிந்துகொள்ளவேண்டும்.

தவறு நேர்ந்தால் பரிகாரம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எனக்கே, இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட பழைய செலவையெல்லாம் சேர்த்து ஒரே பில்லாக ஒரு கம்பெனி அனுப்பியது. தவறு வாடிக்கையாளருடையதாக இல்லாதவிடத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய செலவை வசூலிக்கக்கூடாது என்ற விதி 2018 மே முதல் அமலில் இருப்பதைச் சுட்டிக் கடிதம் எழுதினேன். ஏழாவது வாரத்தில் பழைய பகுதியை நீக்கினார்கள். புகாரை எழுத்தில் கொடுத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்னும் நடுவரிடம் செல்லலாம், செலவு ஒன்றுமில்லை. நீங்கள் அவருடைய தீர்ப்பை ஏற்றால் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். அதற்கு முன் ஆலோசனை வேண்டுவோர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஸ்தாபனத்தை 0808 223 1133 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். வட அயர்லாந்தில் விலை வரம்பும் கண்காணிப்பும் வேறாகையால் இங்கே சொன்ன விதிகளை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்கவேண்டாம்.

அந்த அம்மையாரின் மீட்டரை இருவருமாகப் படித்து, வருஷத்துக்கு 1,300 யூனிட் என்று கண்டு, நிலைக் கட்டணம் குறைந்த ஒரு கம்பெனிக்கு மாற்றினோம். மாறிய நாள் ஒரு புதன்கிழமை. அன்று அவர் வீட்டுக் கணப்பு வழக்கம்போல எரிந்தது. இங்கே பள்ளிக்கூடம் படித்த நம் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ, பிரிக்காத கடிதங்களை மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள், இந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றைப் பிரித்துத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்.