முழங்கை மாற்றிய பின் வரும் ஆண்டுகள்

பெங்களூரு ஜெயநகர்ப் பகுதியிலிருந்து எங்கள் கிளைக்கு ஓய்வூதியம் பெற வரும் அம்மையார் ஒருவர், காசோலையில் கையெழுத்திட முன்பெல்லாம் உடல் முழுவதையும் மேசைமேல் சாய்ப்பார். முடக்குவாதம் அவரது வலது முழங்கையை அவ்வளவு இறுக்கியிருந்தது. சிகிச்சைக்குப் பின் அவர் நிமிர்ந்தமர்ந்து எழுதியதைக் கண்டபோதுதான், முழங்கைக்கும் மாற்று மூட்டு உண்டென நாங்கள் அறிந்தோம்.

முழங்கால் மாற்றிக்கொண்டோர் தெருவுக்கு இருவராவது இருப்பர். முழங்கையோ அரிது. ஆகவே, ‘எத்தனை ஆண்டு தாங்கும்?’ என்ற கேள்விக்கு அண்டை வீட்டாரிடம் விடை கிடைப்பதில்லை.

தொடக்ககால முழங்கை மூட்டுகள் கதவுக் கீல் போல இறுக்கமானவை. கையில் விழுந்த ஒவ்வோர் அதிர்வும் எலும்புச் சிமெண்டைத் தாக்கியதால் அவை விரைவில் தளர்ந்தன. பக்கவாட்டில் சில பாகை அசைய இடந்தரும் ‘தளர் கீல்’ வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவில் கூன்ராட், மோரி ஆகியோரின் வடிவமைப்பு புகழ்பெற்றது. நம் நாட்டில் கொல்கத்தா மருத்துவர் டி.பி. பக்ஷி தாம் உருவாக்கிய தளர் கீல் மூட்டின் பயன்களை 1998இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார்.

அதே ஆண்டில் மோரி குழுவினர், முடக்குவாத நோயாளிகளின் 78 மூட்டுகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்ட முடிவைத் தந்தனர். நூற்றுக்குச் சுமார் 92 மூட்டுகள் நிலைத்திருந்தன. இது அனுபவம் மிக்க மையமொன்றின் கணக்கு என்பதை மறத்தலாகாது. விபத்தில் எலும்பு நொறுங்கிய, உழைக்கும் வயதினருக்குத் தேய்மானம் விரைந்து வரும். முழங்கையைச் சுற்றித் தசைப்போர்வை குறைவாதலால் தொற்று அபாயம் முழங்காலைவிட மிகுதி. சுண்டுவிரல் பக்கத்து நரம்பு மரத்துப்போவதும் உண்டு.

எடை வரம்போ வாழ்நாள் முழுமைக்கும் உரியது. ஒருமுறை தூக்க ஏறத்தாழ 5 கிலோ, திரும்பத் திரும்பத் தூக்க 1 கிலோ என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. நம் நகரின் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இனிப் பிறர்தாம் தூக்கவேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் அரசு விதித்த உச்ச விலை முழங்கால் மூட்டுகளுக்கே. முழங்கை அதில் இல்லை. மருத்துவக் காப்பீட்டில் மூட்டு மாற்றத்துக்கான காத்திருப்பு மூன்றாண்டு வரை இருக்கலாம் என்பதால், வலி தொடங்கியபின் பாலிசி தேடுவது காலங்கடந்த செயலாகிவிடும். மறு அறுவை சிகிச்சை நேரலாமென்று எண்ணி, தானே புதுப்பிக்கப்படும் ஓராண்டு வைப்புத்தொகையைத் தனியே வைப்பது எங்கள் பரிந்துரை. மூட்டின் வரிசை எண் கொண்ட ஒட்டுச்சீட்டைப் பெட்டகத்தில் காத்துவைக்கவும். பின்னாளில் அறுவை செய்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கட்டுடன் உள்ள வாரங்களில் கையெழுத்திட இயலாதோர் ரேகை வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கி வழிசெய்துள்ளது. வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும்; அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். அம்மையாரும் அவ்வாறே பெற்றார். பின்னர் அவர் தந்த புதிய மாதிரிக் கையெழுத்து, பழையதைவிடச் சற்றுப் பெரிதாக எங்கள் பதிவில் இருக்கிறது.